ஊசி குத்தினால் மறைக்காதீங்க!
ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நம் சகோதரிகள் அறிய வேண்டியவை



நம் குழுக்களில் ஆடு மாடு வளர்ப்பவர்கள் இருக்கிறோம், தையல் தைப்பவர்கள் இருக்கிறோம், நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் இருக்கிறோம். இவர்களோடு ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறவர்களும் இப்போது கணிசமாக இருக்கிறோம். வார்டு கூட்டுவது, மாப் போடுவது, பிரசவ வார்டில் துணி மாற்றுவது, நோயாளியை ஸ்ட்ரெச்சரில் தள்ளிப் போவது, குப்பைப் பையைக் கட்டிக் கீழே கொண்டு போவது என்று பல வேலைகள். சிலர் அரசு ஆஸ்பத்திரியில் காண்ட்ராக்டர் மூலம் வேலை பார்க்கிறோம். சிலர் டவுனில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருக்கிறோம்.

ஆஸ்பத்திரியில் வேலை என்றால் ஊரில் ஒரு மரியாதை உண்டு. பக்கத்து வீட்டில் காய்ச்சல் வந்தாலும் நம்மிடம்தான் கேட்பார்கள். "நீ அங்கதான வேலை பாக்குற, உனக்குத் தெரியாததா?" என்பார்கள். ஆனால் நம்மை வேலைக்குச் சேர்த்த அன்று துடைப்பத்தையும் பக்கெட்டையும் கொடுத்தார்களே தவிர, எந்த நோய் எப்படிப் பரவும், எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்களா? பல இடங்களில் இல்லை என்பதே நம் கூட்டங்களில் கேட்கும் பதில். சுவரில் ஒட்டியிருக்கும் போர்டும் பாதிக்கு மேல் இங்கிலீஷில்தான் இருக்கிறது.

ஆகவே இந்த இதழில் ஆஸ்பத்திரிக்குள் நம் உயிரையும் உடம்பையும் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய அறிவைப் பார்ப்போம். அங்கே வேலை செய்யாதவர்களும் படியுங்கள். உங்கள் குழுவில் ஒருத்தியாவது அங்கே இருப்பாள்.

படித்தவர்களுக்கும் ஒரு காலத்தில் தெரியாது

"நாங்க படிக்காதவங்க, இதெல்லாம் எங்களுக்கு எங்க புரியப்போகுது?" என்று சில சகோதரிகள் சொல்வதுண்டு. அவர்களுக்காக ஒரு உண்மைச் செய்தி.

1840களில் ஐரோப்பாவில் வியன்னா நகரப் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. ஒன்றில் டாக்டர்களும் டாக்டருக்குப் படிக்கும் மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். இன்னொன்றில் மருத்துவச்சிகள் பார்த்தார்கள். டாக்டர்கள் பார்த்த வார்டில்தான் தாய்மார்கள் பிரசவக் காய்ச்சல் வந்து அதிகமாகச் செத்தார்கள். அந்த வார்டு வேண்டாம் என்று கர்ப்பிணிகள் அழுது கெஞ்சுவார்களாம்.

செம்மல்வைஸ் என்ற டாக்டர் இதன் காரணத்தைத் தேடினார். மாணவர்கள் பிணத்தை அறுத்துப் பாடம் படித்துவிட்டு, அதே கையோடு வந்து பிரசவம் பார்த்தார்கள். மருத்துவச்சிகள் பிணத்தைத் தொடுவதில்லை. இதுதான் வித்தியாசம். 1847 மே மாதம் முதல், குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவிய பிறகே வார்டுக்குள் வர வேண்டும் என்று அவர் கட்டளை போட்டார். அதற்கு முந்தைய ஏப்ரலில் 100 தாய்மார்களில் சுமார் 18 பேர் இறந்த வார்டில், சில மாதங்களில் அது சுமார் 2 பேராகக் குறைந்தது.

அந்தக் குளோரின் சுண்ணாம்பு வேறு ஒன்றுமில்லை. தினமும் நம் கையில் இருக்கும் பிளீச்சிங் பவுடர்தான்! அன்றைய பெரிய டாக்டர்கள் பலர் அவர் சொன்னதை ஏற்கவில்லை. ஆக, ஆஸ்பத்திரி அறிவு என்பது பட்டத்தைப் பொறுத்தது இல்லை. நம் கையில் என்ன ஒட்டியிருக்கிறது, அது எங்கே போய்ச் சேரும் என்று தெரிந்திருப்பதே முக்கியம். அதை நாமும் கற்றுக்கொள்ளலாம்.

நமக்கு எங்கிருந்து ஆபத்து?

ஆஸ்பத்திரியில் நோயாளியைத் தொட்டாலே நோய் ஒட்டிக்கொள்ளும் என்று பயப்படுகிறோம். ஆனால் உண்மையான ஆபத்து குப்பைப் பைக்குள் இருக்கிறது. ஊசி போட்ட பிறகு சிரிஞ்சைப் பஞ்சோடு சேர்த்து யாரோ போட்டுவிடுகிறார்கள். நாம் பை நிறைந்துவிட்டது என்று கையால் அமுக்குகிறோம். அல்லது பையைத் தூக்கிக் காலோடு உரசிக்கொண்டு நடக்கிறோம். சுருக்கென்று குத்திவிடுகிறது.

அப்படிக் குத்தும் ஊசியில் இருக்கும் ரத்தம் வழியாக மூன்று கிருமிகள் முக்கியமாக வரலாம்.

1. ஹெபடைட்டிஸ் பி: ஈரலைத் தாக்கும் மஞ்சள் காமாலையில் ஒரு வகை. இந்தக் கிருமி உள்ளவருக்குக் குத்திய ஊசி, தடுப்பூசி போடாத 100 பேருக்குக் குத்தினால் 6 முதல் 30 பேர் வரை தொற்று வரலாம். காய்ந்த ரத்தத்திலும் இந்தக் கிருமி 7 நாள் வரை உயிரோடு இருக்கும்.

2. ஹெபடைட்டிஸ் சி: இதுவும் ஈரலைத் தாக்கும். 100 பேரில் சுமார் 2 பேர் அல்லது அதற்கும் குறைவு. இதற்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் குணமாக்கும் மாத்திரை உண்டு.

3. எச்.ஐ.வி.: 1000 பேரில் சுமார் 3 பேர்.

எண்ணிக்கையைப் பாருங்கள். நாம் எல்லோரும் பயப்படுவது எச்.ஐ.வி.க்கு. ஆனால் பல மடங்கு சுலபமாகப் பரவுவது ஹெபடைட்டிஸ் பி. அதற்குத் தடுப்பூசியும் இருக்கிறது. ஆனால் நம்மில் எத்தனை பேர் போட்டிருக்கிறோம்?

"சின்ன வயசுலயே எல்லா ஊசியும் போட்டாச்சே" என்று நினைக்க வேண்டாம். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி குழந்தைகளுக்கான அரசு அட்டவணையில் நாடு முழுவதும் வந்தது 2011-12 வாக்கில்தான். நம் பிள்ளைகளுக்குப் போட்டிருப்பார்கள், நமக்குப் போட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

இந்தத் தடுப்பூசி மொத்தம் மூன்று தவணை. இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, முதல் ஊசியிலிருந்து ஆறாவது மாதம் ஒன்று. ஒன்று போட்டுவிட்டு நிறுத்தினால் முழுப் பலன் இல்லை. மூன்றாவது ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தம் சோதித்தால், உடம்பில் எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டதா என்று தெரியும். 2018 ஜூலை 28 அன்று மத்திய அரசு தொடங்கிய தேசிய ஹெபடைட்டிஸ் தடுப்புத் திட்டத்தில் சுகாதாரப் பணியாளர்களுக்கு இந்தத் தடுப்பூசி போடுவதும் ஒரு பகுதி. கேட்டு வாங்க வேண்டியது நம் பொறுப்பு.

நாலு கலர், நாலு பாடம்

குப்பையைப் பிரிப்பது சுத்தத்துக்காக மட்டும் இல்லை, நம் விரலைக் காப்பாற்றவும்தான். மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-இன்படி நாலு கலர் உண்டு. எழுத்துப் படிக்கத் தெரியாத சகோதரியும் கலரைப் படிக்கலாம்.

மஞ்சள்: உடம்பிலிருந்து வந்தது, ரத்தம் ஊறியது. நஞ்சுக்கொடி, ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி, வார்டில் சேரும் நாப்கின், காலாவதியான மருந்து.

சிவப்பு: நோயாளிக்குப் பயன்பட்ட பிளாஸ்டிக், ரப்பர். டிரிப்ஸ் டியூப், மூத்திரப் பை, ஊசி நீக்கிய சிரிஞ்ச், கையுறை.

வெள்ளை: குத்துவது, வெட்டுவது. ஊசி, பிளேடு, கத்தி. இது பை கிடையாது. ஊசி துளைக்க முடியாத கெட்டியான டப்பா.

நீலம்: கண்ணாடி. உடைந்த மருந்துக் குப்பி, ஊசி மருந்து ஆம்பூல். உடம்பில் வைத்து எடுத்த உலோகத் தகடும் இதில்தான்.

சாப்பாட்டு மீதி, பேப்பர், பழத்தோல் இவையெல்லாம் பொதுக் குப்பை. அதற்குத் தனித் தொட்டி. ஆஸ்பத்திரிக் குப்பை 100 கிலோ என்றால் அதில் சுமார் 85 கிலோ சாதாரணக் குப்பைதான். மீதி 15 கிலோதான் ஆபத்து. ஆனால் இரண்டையும் கலந்துவிட்டால் 100 கிலோவும் ஆபத்துக் குப்பை ஆகிவிடும். ஒரு படி அரிசியில் ஒரு பிடி கல்லைக் கலந்த கதைதான்.

பையைக் கையாளும் முறையும் முக்கியம்:

* பை முக்கால் பங்கு நிறைந்ததும் கட்டிவிடுங்கள். கையாலோ காலாலோ அமுக்காதீங்க.
* பையின் கழுத்தைப் பிடித்துத் தூக்குங்கள். அடியில் கை கொடுக்காதீங்க. உடம்போடு ஒட்டிப் பிடிக்காதீங்க.
* ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குக் கொட்டாதீங்க. உள்ளே கை விட்டுத் தேடாதீங்க.
* தரையில் ஊசி கிடந்தால் கையால் பொறுக்காதீங்க. இடுக்கியால் எடுங்கள். இடுக்கி இல்லை என்றால் சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.
* தடித்த ரப்பர் கையுறையும் மூடிய செருப்போ பூட்ஸோ இல்லாமல் கழிவைத் தொடாதீங்க. டாக்டர் போடும் மெல்லிய கையுறை இந்த வேலைக்குப் போதாது.

மஞ்சள் பையில் ஊசி கிடப்பதைப் பார்த்தால் சும்மா இருக்க வேண்டாம். "சிஸ்டர், ஊசியைப் பஞ்சோட போட்டா எங்க கையில குத்துது. வெள்ளை டப்பாவுல போடச் சொல்லுங்க" என்று மரியாதையாகச் சொல்லலாம். அதில் தப்பே இல்லை. பயன்படுத்திய இடத்திலேயே ஊசியை வெட்டி டப்பாவில் போட வேண்டியது ஊசி போட்டவரின் வேலை.

குத்திவிட்டால் என்ன செய்வது?

இதை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். குத்திய விரலை வாயில் வைக்காதீங்க. நசுக்கி ரத்தத்தைப் பிழியாதீங்க. பிளீச்சிங், டெட்டால், ஸ்பிரிட் எதையும் ஊற்றாதீங்க. அதெல்லாம் தோலைப் புண்ணாக்கும். கண்ணில் ரத்தம் தெறித்தால் நல்ல தண்ணீரால் பலமுறை கழுவுங்கள். வாயில் பட்டால் துப்பிவிட்டுக் கொப்பளியுங்கள்.

இரண்டாவது வேலை: அந்த ஷிப்டு முடிவதற்குள் இல்லை, அந்த நிமிஷமே சிஸ்டரிடமோ டாக்டரிடமோ சொல்லுங்கள். ஊசி எந்த நோயாளிக்குப் போட்டது என்று தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். தெரியாவிட்டாலும் சொல்லுங்கள்.

மூன்றாவது வேலை: எச்.ஐ.வி. வராமல் தடுக்க மாத்திரை உண்டு. தேவையா என்று டாக்டர் முடிவு செய்வார். தேவை என்றால் 2 மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது மிக நல்லது. 72 மணி நேரம், அதாவது மூன்று நாள் தாண்டினால் பயன் இல்லை. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

நான்காவது வேலை: அன்றைக்கே ரத்தம் சோதிக்க வேண்டும். பிறகு 6 வாரம், 3 மாதம், டாக்டர் சொன்னால் 6 மாதம். "குத்தின அன்னிக்கே எதுக்கு டெஸ்ட்? அதுக்குள்ள நோய் வந்துடுமா?" என்று கேட்கலாம். வராது. ஆனால் அன்றைய சோதனைதான், குத்துவதற்கு முன் நமக்கு அந்த நோய் இல்லை என்பதற்கு அத்தாட்சி. நாளைக்கு ஏதாவது ஆனால், இது வேலையில் வந்தது என்று காட்ட அந்தச் சீட்டு வேண்டும்.

ஐந்தாவது வேலை: நடந்ததைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். தேதி, நேரம், எந்த வார்டு, எப்படிக் குத்தியது எல்லாம் இருக்க வேண்டும். நகல் கேட்டு வாங்கி வீட்டில் ரேஷன் கார்டோடு பத்திரமாக வையுங்கள்.

சோதனை எல்லாம் முடியும் வரை ரத்ததானம் செய்யக் கூடாது. கணவரோடு சேரும்போது ஆணுறை அவசியம். பாலூட்டும் தாய் என்றால் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஏன் மறைக்கிறோம்?

இவ்வளவு வழி இருந்தும் நம்மில் பலர் ஊசி குத்தியதை வெளியே சொல்வதில்லை. முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுத்த வார்டுக்குப் போய்விடுகிறோம். கூட்டங்களில் பேசும்போது மூன்று காரணங்கள் வருகின்றன.

"சூப்பர்வைசர் திட்டுவாரு, நாளையிலருந்து வராதன்னு சொல்லிடுவாரு" என்பது ஒன்று. "டெஸ்ட் எடுத்தேன்னு தெரிஞ்சா வீட்டுக்காரரு சந்தேகப்படுவாரு" என்பது இன்னொன்று. "வாங்குற சம்பளத்துல ஒரு நாள் போச்சுன்னா குழுக் கடன் தவணை எப்படிக் கட்டறது?" என்பது மூன்றாவது.

இந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் அந்த 72 மணி நேரம் நமக்காகக் காத்திருக்காது. இன்று திட்டு வாங்கப் பயந்து மறைத்தால், பல வருஷம் கழித்து ஈரல் கெட்டுப்போய் வயிறு வீங்கும்போது யாரிடம் சொல்வது? எந்த ஊசி என்று யாருக்குத் தெரியும்?

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017, நடைமுறைக்கு வந்தது 2018 செப்டம்பர் 10. அதன்படி, ஆஸ்பத்திரியில் தொற்று வர வாய்ப்புள்ள வேலை செய்யும் எல்லோருக்கும் பாதுகாப்புச் சாதனமும் பயிற்சியும் தர வேண்டும். ஊசி குத்தினால் தடுப்பு மாத்திரையும் தர வேண்டும். சோதனை முடிவை நம் சம்மதம் இல்லாமல் வெளியில் சொல்லக் கூடாது என்பதும் சட்டம்தான்.

2016 கழிவு விதிகளும் ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்குச் சில கடமைகளைச் சொல்கின்றன. கழிவைக் கையாளும் எல்லோருக்கும் வேலையில் சேரும்போதும், பிறகு வருஷத்துக்கு ஒரு முறையாவதும் பயிற்சி தர வேண்டும். ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும். சேரும்போதும் வருஷம் ஒரு முறையும் உடல் பரிசோதனை செய்ய வேண்டும். கையுறை, முகக்கவசம், பூட்ஸ் தர வேண்டும். "நீங்க காண்ட்ராக்ட் ஆளு, உங்களுக்குக் கிடையாது" என்று சொல்ல விதியில் இடமில்லை. கழிவைக் கையாளும் மற்றவர்களையும் சேர்த்துத்தான் அந்த விதி பேசுகிறது.

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். 2019 ஜூலையில் நிர்ணயித்தபடி தொழிலாளி பங்கு 100 ரூபாய்க்கு 75 காசு, முதலாளி பங்கு 3 ரூபாய் 25 காசு. வேலையில் ஏற்படும் காயத்துக்கும், ஆஸ்பத்திரி வேலையால் வரும் தொற்று நோய்க்கும் அதில் உதவி உண்டு. அதற்கும் பதிவேட்டு நகல்தான் ஆதாரம்.

பிளீச்சிங்கும் ஆசிட்டும் சேரக் கூடாது

கறை போகவில்லை என்று பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டைக் கலக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. இது மிகவும் ஆபத்து. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கண் எரியும், இருமல் வரும், மூடிய கக்கூசுக்குள் என்றால் மூச்சே அடைக்கும். தப்பித் தவறிக் கலந்துவிட்டால் அப்படியே விட்டுவிட்டு வெளியே காற்றோட்டத்துக்கு வந்துவிடுங்கள்.

தரையில் ரத்தம் சிந்தியிருந்தால் உடனே மாப் போட்டு இழுக்காதீங்க. அப்படி இழுத்தால் ரத்தம் அறை முழுக்கப் பரவும். கையுறை போட்டு, ரத்தத்தின் மேல் பழைய துணியோ பஞ்சோ போட்டு மூடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 30 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து அதன் மேல் ஊற்றுங்கள். குறைந்தது 10 நிமிஷம் விடுங்கள். உங்கள் ஆஸ்பத்திரியில் கூடுதல் நேரம் சொல்லியிருந்தால் அதையே செய்யுங்கள். பிறகு துணியை எடுத்து மஞ்சள் பையில் போட்டுத் தரையைத் துடைக்கலாம். கரைசலை அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும். நேற்றுக் கலந்ததில் வீரியம் இருக்காது.

ஊருக்கும் சரியாகச் சொல்வோம்

நம்மை நம்பிக் கேட்கும் அக்கம்பக்கத்தாருக்கு நாம் தவறாகச் சொல்லிவிடக் கூடாது. மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லி போதும், டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதீங்க. காமாலையில் பல வகை. தண்ணீரால் வருவதும் உண்டு, ரத்தத்தால் வருவதும் உண்டு. எது என்று ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். ஹெபடைட்டிஸ் பி இருப்பவர் பல வருஷம் கண் மஞ்சளாகாமலே நடமாடலாம்.

அதே நேரம், ஹெபடைட்டிஸ் பி இருப்பவரையோ எச்.ஐ.வி. இருப்பவரையோ ஒதுக்கி வைக்காதீங்க. ஒன்றாகச் சாப்பிடுவதால், கை கொடுப்பதால், பக்கத்தில் உட்காருவதால் இவை பரவாது. ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள் சொன்னால் ஊர் கேட்கும். அந்த நல்ல பெயரை இதற்குப் பயன்படுத்துவோம்.

வரும் மாதக் கூட்டத்தில் செய்ய வேண்டியது

ஊக்குநர்களும் பிரதிநிதிகளும் இந்தப் பகுதியைக் கூட்டத்தில் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். பிறகு இவற்றைக் கேட்டுத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்:

1. நம் குழுவில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறவர்கள் யார் யார்?
2. அவர்களில் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் முடித்தவர்கள் எத்தனை பேர்? ஒரு தவணையோடு நின்றவர்கள் எத்தனை பேர்?
3. தடித்த கையுறையும் பூட்ஸும் கொடுக்கிறார்களா?
4. ஊசி குத்தினால் யாரிடம் சொல்ல வேண்டும், இரவு ஷிப்டில் யாரிடம் சொல்ல வேண்டும் என்று தெரியுமா?
5. இ.எஸ்.ஐ. அட்டை கையில் இருக்கிறதா?

இல்லை என்ற பதில் வந்தால், தனியாளாகப் போய்க் கேட்க வேண்டாம். குழுவின் பெயரில், கூட்டமைப்பின் பெயரில் மனு எழுதி ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் கொடுப்போம். ஒருத்தி கேட்டால் "நாளையிலருந்து வராத" என்பார்கள். இருபது பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் உட்கார வைத்துப் பேசுவார்கள். வங்கியில் கடன் வாங்கியபோதே இதை நாம் பார்த்திருக்கிறோம்.

ஊசி குத்திய நாளில் வேலைக்குப் போக முடியாத சகோதரிக்குத் தவணைக்கு அவகாசம் கொடுப்பது, அவசரத்துக்கு உள்கடன் கொடுப்பது, அவளோடு ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போவது, தேவைப்பட்டால் அவள் கணவரிடம் உட்கார்ந்து விளக்குவது இவையெல்லாம் குழு செய்யக்கூடிய காரியங்கள். அந்தத் துணை இருக்கிறது என்று தெரிந்தால் யாரும் மறைக்க மாட்டார்கள்.

சந்தேகம் இருந்தால் எச்.ஐ.வி. பற்றி 1097 என்ற இலவச எண்ணிலும், பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணிலும் கேட்கலாம். இரண்டு எண்ணையும் தீர்மான நோட்டின் அட்டையில் எழுதி வையுங்கள்.